மோர்சாதம் பார்த்து நிற்கும் வித்தை

வடபழனியிலிருந்து பிள்ளை வீட்டுக்கு அமெரிக்கா போகிறவர்களுக்கு நயாகராவோடு இன்னொரு தலமும் உண்டு: கனெக்டிகட் மாநிலத்தில் மோஹிகன் பழங்குடியினர் 1996இல் திறந்த மோஹிகன் சன் சூதாட்ட மாளிகை. ஆயிரக்கணக்கில் ஸ்லாட் இயந்திரங்கள். விவரம் தெரிந்தவர்கள் வந்ததும் உட்கார்ந்துவிட மாட்டார்கள், உலாத்துவார்கள். சில இயந்திரங்களில், இன்ன தொகையைத் தொடுவதற்குள் ஜாக்பாட் விழுந்தே தீரும் என்று எழுதியிருக்கும். அது விழாமலே உச்சத்தை நெருங்கி நின்றால்தான் கணக்கு ஆடுகிறவர் பக்கம் சாயும். அதுவரை அடுத்தவர் பணம் மீட்டரை ஏற்ற வேண்டும். அவர் சலித்து எழுந்ததும் நாம் உட்கார வேண்டும்.

இதற்கா பயிற்சி? முகூர்த்த நாளில் வடபழனி மண்டபங்களில் பாருங்கள். மோர்சாதத்துக்கு வந்துவிட்டவரின் நாற்காலியை முதுகுப்பக்கம் நின்று பிடித்துக்கொள்ளும் நம் மாமாக்களுக்கு மோஹிகன்கள் எம்மாத்திரம்! ஆனால் இலை போட்டால் சாம்பார் வரும். இங்கே உச்சத்தை ஒட்டி நிற்கும் இயந்திரமும் கடைசிச் சில்லறையை விழுங்கிவிட்டு, பக்கத்தில் வந்து உட்காருபவருக்குக் கொட்டும்.

தமிழ்நாட்டில் 2003இல் லாட்டரியை ஒழித்தார்கள். கோவாவிலோ 1992 சட்டத்திருத்தம் ஐந்து நட்சத்திர ஓட்டல்களில் ஸ்லாட்டை அனுமதித்துவிட்டது. ஆகவே, ஆசைப்படும் மாமாக்களே, விசாவுக்கு அலைய வேண்டாம். திரும்பி வருகிற டிக்கெட்டை மட்டும் மாமியிடம் கொடுத்து வையுங்கள்.