பனி புகுந்த சுவர்

● கல்லாற்றிலிருந்து பொன்முடிக்கு ஏறும் 22 கொண்டை ஊசி வளைவுகளையும் எங்கள் ‘டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆட்டத்துக்குக் களமாக்கிவிட்டோம். குதிரையில் துரத்தி வந்த கொள்ளையரைத் தடுக்க, பன்னிரண்டாம் வளைவில் என் மந்திரவாதி ‘சைலன்ட் இமேஜ்’ என்ற மாயத்தோற்ற மந்திரம் போட்டுக் கருங்கல் சுவர் எழுப்பினான். ஆட்டத்தை நடத்தும் டி.எம். (டன்ஜியன் மாஸ்டர்) பகடையைக் கையில்கூட எடுக்கவில்லை. “மாயம்னு தெரிஞ்சு தாண்டி வந்துட்டாங்க” என்று முடித்துவிட்டார். இது நியாயமா?
– வாசகர், நெடுமங்காடு

நியாயமே இல்லை. ஐந்தாம் பதிப்பின் விதி தெளிவாக இருக்கிறது. சுவரைத் தொட்டால் குட்டு வெளிப்படும். தொடாமல் கண்டுபிடிக்க வேண்டுமென்றால், ஓர் ஆக்‌ஷனைச் செலவழித்து ஆராய்ந்து, இன்வெஸ்டிகேஷன் ரோலில் உங்கள் மந்திரத்தை வெல்லத் தேவையான ஸ்பெல் சேவ் டிசி எண்ணை எட்ட வேண்டும். பாய்ந்து வரும் குதிரைக்காரன் கல்லைக் கண்டதும் கடிவாளத்தைத்தான் இழுப்பான். அந்த நிறுத்தம் நீங்கள் ஸ்பெல் கொடுத்து வாங்கியது. அதை உங்களிடமிருந்து பறிக்க யாருக்கும் உரிமை கிடையாது.

தினமும் அதே பாதையில் திரிகிற கொள்ளையனுக்கு, ‘காலையில் இங்கே சுவர் இல்லையே’ என்று தோன்றத்தான் செய்யும். தோன்றட்டும். ‘வால் ஆஃப் ஸ்டோன்’ போட்டு நிஜச் சுவரையே எழுப்பக்கூடிய உலகம் அது. மந்திரம் என்று ஊகிக்கலாம், பொய் என்று எப்படித் தெரியும்? ஒருவன் இறங்கிக் கல்லை விட்டெறிந்து பார்ப்பான். கல் உள்ளே போய்விடும். அதற்குள் உங்கள் கூட்டம் அடுத்த வளைவைத் தாண்டியிருக்கும். ஒன்று மட்டும் நீங்களும் கவனியுங்கள்: சைலன்ட் இமேஜ் 15 அடி கனத்துக்குள்தான் அடங்கும். பாதை அதைவிட அகலமென்றால் ஓரத்தில் இடுக்கு இருக்கும்.

● அந்த டி.எம். நான்தான். பொன்முடியில் எந்நேரமும் மூடுபனி. மாயச் சுவரில் பனி முட்டுமா? ஊடே புகுந்துவிடாதா? அதைப் பார்த்தால் பொய் என்று தெரிந்துவிடாதா?
– வாசகர், விதுரா

அருமையான கவனிப்பு! மேசையில் இதை வாய்விட்டுச் சொல்லியிருந்தால் சண்டையே வந்திருக்காது. “பனி கல்லில் மோதிச் சுருளவில்லை, அப்படியே உள்ளே போய் மறைகிறது. பக்கத்துப் பாறையெல்லாம் நனைந்து சொட்டுகிறது, இந்தக் கல்லில் பொட்டு ஈரம் இல்லை.” இப்படி விவரித்துவிட்டு, கொள்ளையர் தலைவனுக்கு அட்வான்டேஜ் கொடுத்து ரோல் செய்யுங்கள். துப்பு கிடைத்தாலும் பகடை உருள வேண்டும். அவன் தோற்றால் சுவர் நிற்கட்டும்.

இன்னொன்று. பனி அடர்ந்திருந்தால் தூரத்தில் சுவரே தெரியாது, கிட்டே வந்த பிறகுதான் தெரியும். அது மந்திரவாதிக்குச் சாதகம். மலையின் பனியைக் கொள்ளையருக்கு மட்டும் துணைக்கு அனுப்பாதீர்கள்.

● கூட்டத்தில் ஒருவர் மாயத்தைக் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டால் எல்லாருக்கும் தெரிந்த மாதிரிதானே?
– வாசகர், நாகர்கோவில்

இலக்குவனைக் கேளுங்கள். பொன்மான் மாரீசன்தான் என்று சொன்னார், கேட்டார்களா? (மாரீசன் உருவம் மாறியவன், வெறும் தோற்றமல்ல. ஆனாலும் பாடம் அதேதான்.) கண்டுபிடித்தவருக்கு மட்டுமே உருவம் ஊடுருவித் தெரியும். அவர் கத்திச் சொன்னால் மற்றவர்களுக்குக் கிடைப்பது சந்தேகப்பட ஒரு காரணம். அவர்களும் தொட வேண்டும், இல்லையென்றால் ரோல் செய்ய வேண்டும். அவர் மாயச் சுவருக்குள் கையை விட்டுக் காட்டிவிட்டால் கதை வேறு.

● ஆட்டக்காரர் ஒருவர் எதைப் பார்த்தாலும் “நான் நம்பவில்லை” என்கிறார். சும்மா சொன்னால் போதுமா?
– வாசகர், மதுரை

அது பழைய பழக்கம். 1974இல் ஆட்டம் வெளிவந்தது, 1975இல் ‘தி ஸ்ட்ராடஜிக் ரெவ்யூ’ இதழில் இல்யூஷனிஸ்ட் என்ற பாத்திர வகை வந்தது. ‘அட்வான்ஸ்டு’ பதிப்பில், நம்ப மறுப்பதாக அறிவித்தால் சேவிங் த்ரோ கிடைக்கும். இன்றைய விதியில் அதற்கு விலை உண்டு, ஓர் ஆக்‌ஷன். நிஜ ஓநாய் பாயும்போது அதை ஆராய்ந்துகொண்டு நிற்பவருக்குக் கடி விழும். இரண்டு கடி போதும், பழக்கம் போய்விடும்.

● பாலமே இல்லாத இடத்தில் பாலம் இருப்பதாக நம்பவைத்தேன். காலை வைத்து விழுந்த பிறகும் எதிரி நம்புவானா?
– வாசகர், திருநெல்வேலி

சைலன்ட் இமேஜ் என்றால் விழுந்ததுமே தெளிந்துவிடுவான். ‘ஃபான்டாஸ்மல் ஃபோர்ஸ்’ என்றால் பிழைத்து எழுந்து, “காற்று தள்ளிவிட்டது” என்பான். முன்னது கண்ணெதிரே நிற்கும் படம், பின்னது புத்திக்குள் புகுந்தது.

● டி.எம். எங்களை ஏமாற்றலாமா?
– வாசகர், கோவை

தாராளமாக. பாத்திரங்களை ஏமாற்றலாம், ஆட்டக்காரரிடம் பொய் சொல்லக் கூடாது. “அங்கே பாலம் இருக்கிறது” என்று கதை சொல்லும் குரலில் டி.எம். சொன்னால் பாலம் இருந்தே ஆக வேண்டும். “பாலம் தெரிகிறது” என்று சொல்லுங்கள். நிஜப் பாலத்துக்கும் அதே வாக்கியம்தான், இல்லையென்றால் வாக்கியமே காட்டிக்கொடுத்துவிடும். திடீரென்று “எல்லாரும் இன்வெஸ்டிகேஷன் போடுங்க” என்பதும் காட்டிக்கொடுக்கும். பகடை கேட்காமலே ஒப்பிட்டுப் பார்க்க, எல்லாருடைய பாஸிவ் எண்களையும் ஆட்டம் தொடங்கும் முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு துப்பாவது வையுங்கள். அசோகவனத்தில் அனுமனைக் கண்ட சீதை, இவனும் வேடமிட்டு வந்த இராவணனோ என்று அஞ்சுவதாக வால்மீகி சொல்கிறார். முன்பு அவனுடைய துறவி வேடத்தைக் கண்டு ஏமாந்தவர் அல்லவா? அடையாளம் கேட்டு, கணையாழியைப் பார்த்த பிறகுதான் மனம் தேறுகிறது. உங்கள் ஆட்டக்காரருக்கும் கேட்க ஒரு கேள்வி, பார்க்க ஒரு கணையாழி வேண்டும்.

● மேடை மேஜிக்கிலிருந்து டி.எம். கற்றுக்கொள்ள ஏதாவது உண்டா?
– வாசகர், திருவனந்தபுரம்

உங்கள் ஊரிலேயே இருக்கிறதே! கோபிநாத் முதுகாட் 1996இல் பூஜப்புரையில் மேஜிக் அகாடமி தொடங்கினார், 2014இல் கழக்கூட்டத்தில் மேஜிக் பிளானட் திறந்தது. அவருக்கும் முந்தைய தலைமுறையில் வாழக்குன்னம் நீலகண்டன் நம்பூதிரி ‘செப்பும் பந்தும்’ வித்தைக்குப் பேர்போனவர். அந்த வித்தையை உட்கார்ந்து பாருங்கள். கிண்ணம், பந்து, கை எல்லாமே கண்ணெதிரே. பார்க்க வாய்ப்புத் தந்த பிறகும் தவறவிடுகிறோம், அதனால்தான் கைதட்டுகிறோம். மறைத்து வைத்து ஏமாற்றினால் கோபம்தான் வரும்.

● ஒருமுறை ஏமாந்த எதிரியை எப்படி ஆட்டுவிப்பது?
– வாசகர், தென்காசி

துரியோதனன் மாதிரி. இந்திரப்பிரஸ்தத்தில் பளிங்குத் தரையைத் தண்ணீர் என்று எண்ணி ஆடையைத் தூக்கினான். தண்ணீரைத் தரை என்று எண்ணி விழுந்தான். பளிங்குக் கதவில் முட்டிக்கொண்டான். பிறகு நிஜமாகவே திறந்திருந்த வாசலைக் கண்டும் தயங்கினான். மாயக்காரருக்குக் கிடைக்கும் பெரிய பரிசு அந்தத் தயக்கம். பன்னிரண்டாம் வளைவில் ஏமாந்த கொள்ளையனுக்குப் பதினைந்தாம் வளைவில் நிஜமான மண்சரிவைக் காட்டுங்கள். “இதுவும் பொய்தான்டா” என்று குதிரையை விடுவானா, நிற்பானா? நீங்களே முடிவு செய்யாமல் பகடையை உருட்டுங்கள்.