கேட்டதற்கு மட்டும் பதில்

1999 முதல் 2006 வரை ஓடிய ‘தி வெஸ்ட் விங்’ தொடரில் அமெரிக்க அதிபர் பார்ட்லெட்டின் ஆலோசகர்கள் நடந்துகொண்டே பேசுவார்கள்; நின்றால் வசனம் தீர்ந்துவிடுமோ என்ற பயம் போலும். இந்த வாயாடிக் கூட்டத்துக்கு வெள்ளை மாளிகை வக்கீல் ஆலிவர் பேபிஷ் கற்றுக்கொடுப்பது ஒன்றுதான்: மணி தெரியுமா என்று கேட்டால், தெரியும் என்று சொல், மணியைச் சொல்லாதே. அதிபர் தன் நரம்பு நோயை ஊருக்கு மறைத்த கதையே அவர் காதுக்குத் தாமதமாகத்தான் வருகிறது. ஆலோசனை சொல்ல ஆயிரம் பேர். வக்கீல் மட்டும் வெள்ளம் வந்தபின் அணை கட்ட வேண்டும்.

நாடகம்தானே, ஊதிப் பெருக்கியிருப்பார்கள் என்பீர்கள். உண்மைதான், ஆனால் பெருக்கியது வக்கீலின் யோக்கியத்தை. நிஜ அதிபர் நிக்சனின் வெள்ளை மாளிகை வக்கீல் ஜான் டீன், வாட்டர்கேட் ஊழலின் மூடிமறைப்பில் தானே கூட்டாளி. 1973இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். பேபிஷ் மக்கர் செய்த டேப் ரெக்கார்டரைச் சுத்தியலால் நொறுக்குகிறார். நிக்சனோ தன் பேச்சைத் தானே பதிவுசெய்து, பத்திரமாக வைத்திருந்து, 1974இல் பதவியைத் தொலைத்தார். பார்ட்லெட்டாவது பொருளாதாரம் படித்தவர், நிக்சன் வக்கீல்.