"ஆவணம் இல்லை" என்று சொல்லும் அலுவலருக்கு ஒரு மனு

பெறுநர்: உயர்திரு டெக்டாக் அவர்கள், ஆவணத் தேடல் அலுவலர், டெக் லைவ் தொகுப்பு.

அனுப்புநர்: மரக்காணம் உப்பளத்தை ஒட்டி லேட்டெக் என்னும் அச்சுக்கோப்பு மென்பொருளில் பக்கம் கட்டும் ஒருவர்.

பொருள்: "ஆவணம் ஏதும் கிடைக்கவில்லை" என்ற ஒற்றைவரிப் பதிலோடு காரணத்தையும் சேர்த்துத் தரக் கோருதல் – தொடர்பாக.

ஐயா,

கையேடு தேடும் நிரலான தங்கள் அலுவலகம் கணினிக்குள்ளேயே இருப்பதால் மனுதாரர் படியேற வேண்டியதில்லை, யாருக்கும் டீ வாங்கித் தர வேண்டியதில்லை, 'நாளைக்கு வாங்க' என்று கேட்டுத் திரும்ப வேண்டியதும் இல்லை. ஈமாக்ஸ் என்னும் உரைத்தொகுப்பியில் ஆக்டெக் என்னும் துணைநிரலை ஏற்றி வைத்திருந்தால், கண்ட்ரோலையும் சியையும் சேர்த்து அழுத்திவிட்டு ஒரு கேள்விக்குறி போட்டாலே போதும். ஆக்டெக் ஓடிவந்து லேட்டெக் தொகுப்பின் பெயரைத் தங்கள் மேசையில் வைக்கும். தாங்கள் அதற்குரிய கையேட்டைத் தேடியெடுத்துத் திறந்து காட்டுவீர்கள். கேள்வி கேட்பதற்குக் கேள்விக்குறியையே பொத்தானாக வைத்த ரசனைக்கு ஒரு கும்பிடு. கிடைக்காத வேளையில் தாங்கள் மன்னிப்பும் கேட்கிறீர்கள், 'மன்னிக்கவும், இன்ன பெயருக்கு ஆவணம் ஏதும் கிடைக்கவில்லை' என்று. நாட்டில் எந்தக் கோப்பறையும் மன்னிப்புக் கேட்டதாகச் செய்தி வந்ததில்லை என்பதால் இதற்கும் ஒரு கும்பிடு. என் குறை அந்த வரியின் மரியாதையைப் பற்றியதல்ல. பல வேறு நோய்களுக்குத் தாங்கள் எழுதித் தரும் சீட்டு ஒன்றாகவே இருக்கிறது என்பதைப் பற்றியது.

இந்தக் குறை இந்தக் கரையிலிருந்து ஏன் வருகிறது என்று கேட்கலாம். சென்னையிலிருந்து புதுச்சேரி போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையின் இரு முனைகளிலும், வெளிநாட்டு ஆய்விதழ்களுக்குப் பக்கம் கட்டித் தரும் நிறுவனங்கள் இருக்கின்றன. கேம்பிரிட்ஜிலோ பெர்லினிலோ ஒருவர் எழுதிய சமன்பாடு அச்சுக்குப் போகும் முன் தென்னிந்தியக் கை ஒன்று அதைத் தொட்டுச் சீராக்கியிருக்கும் வாய்ப்பு நிறைய. லேட்டெக்கின் அடித்தளமான டெக்கின் உலகுக்கும் இது தெரியும். 2002இலும் 2011இலும் தன் மாநாட்டைத் திருவனந்தபுரத்தில் கூட்டியது. அந்தச் சாலையில், பக்கிங்காம் கால்வாய் முடிகிற இடத்தில், உப்பளங்களோடு இருக்கும் ஊர் மரக்காணம். கையேடு கிடைக்காவிட்டால் எழுந்துபோய்க் கேட்கப் பக்கத்து மேசையில் ஆளில்லாத ஊர். எனவே தங்கள் ஒருவரிப் பதில் இங்கே கொஞ்சம் கூடுதலாகவே கரிக்கிறது.

தங்கள் கிடங்கு வறியது என்று யாரும் சொல்லிவிட முடியாது. டெக் தொகுப்புகளைச் சேர்த்து வைக்கும் சிடான் களஞ்சியத்தில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தொகுப்புகள் இருக்கின்றன. பெரும்பாலானவற்றோடு கையேடும் உண்டு. படம் வரையும் டிக்ஸின் கையேடு மட்டும் 1,300 பக்கங்களைத் தாண்டுகிறது. பணம் வாங்கி விற்கப்படும் பல மென்பொருள்களுக்கு இதில் பத்தில் ஒரு பங்கு விளக்கம்கூடக் கிடையாது. ஆக, 'கிடைக்கவில்லை' என்று தாங்கள் சொல்லும்போது, கையேடே எழுதப்படவில்லை என்பது அதன் பொருளாக இருப்பது அபூர்வம். கையேடு வேறு பெயரில் இருக்கலாம். உலகில் இருந்தும் இந்தக் கணினியில் நிறுவப்படாமல் இருக்கலாம். கணினியிலேயே இருந்தும், கையால் கொண்டுவந்து வைத்ததால் கோப்புப் பதிவேட்டில் ஏறாமல் இருக்கலாம். பதிவேட்டைப் புதுப்பிக்கும் கட்டளையை ஒருமுறை ஓட்டினால் தீர்ந்துவிடும் காரியம் அது. இவை எல்லாவற்றுக்கும் வெவ்வேறு மருந்து, ஆனால் ஒரே சீட்டு.

எங்கள் உப்பளத்து நடைமுறையைப் பாருங்கள். கடல்நீரின் அடர்த்தி ஏறத்தாழ 3 டிகிரி போமே. காய்ந்து காய்ந்து 25 டிகிரியைத் தொடும்போதுதான் பாத்தியில் உப்பு இறங்கத் தொடங்கும். இறங்கவில்லை என்றால், மானியை நீரில் மிதக்கவிட்டுப் பார்த்து, டிகிரி இன்னும் ஏறவில்லையா, மழை விழுந்து இறங்கிவிட்டதா, மடை அடைத்து நீரே வரவில்லையா என்று சொல்லிவிடுவார்கள். முதலாவதற்குக் காத்திருக்க வேண்டும், இரண்டாவதற்கு மழைநீரை வடிக்க வேண்டும், மூன்றாவதற்கு மண்வெட்டி எடுக்க வேண்டும். 'உப்பு இல்லை, மன்னிக்கவும்' என்று மட்டும் சொல்லிவிட்டுக் கரையேறுகிறவரை அடுத்த பருவத்துக்கு யாரும் கூப்பிட மாட்டார்கள்.

பெயர் விவகாரத்தில் தாங்கள் சிரமம் எடுத்துக்கொள்வதை மறுக்கவில்லை. கிராஃபிக்எக்ஸ் தொகுப்புக்குக் கையேடு கேட்டால் ஜிஆர்எஃப்கைடு என்ற கோப்பைத் தர வேண்டும். ஏஎம்எஸ்மேத் என்றால் ஏஎம்எஸ்எல்டாக். டிக்ஸ் என்றால் பிஜிஎஃப்மேனுவல். பெற்றவர்கள் ஒரு பெயர் வைக்க, பள்ளிக்கூடத்தில் இன்னொரு பெயர் எழுதிய இந்தப் பிள்ளைகளுக்கெல்லாம் தன்னார்வலர்கள் உட்கார்ந்து மாற்றுப்பெயர்ப் பட்டியல் எழுதி வைத்திருக்கிறார்கள். எழுத்துப் பிழையோடு கேட்டாலும் ஊகித்துப் பார்க்கிறீர்கள். ஆனால் ஆக்டெக் தங்களிடம் கொண்டுவரும் பெயர் எங்கிருந்து வருகிறது? திரையில் இடஞ்சுட்டி எந்தச் சொல்மேல் நிற்கிறதோ அதைத்தான் அது முதலில் நீட்டுகிறது. பக்கம் கட்டுகிறவர் தடுமாறி நிற்பது பெரும்பாலும் ஒரு கட்டளையின்மேல். தொகுப்பின் பெயரோ கோப்பின் உச்சியில் எங்கோ இருக்கிறது. அட்டவணையின் மேல்கோடு சரியாக வரவில்லை என்று டாப்ரூல் கட்டளையின்மேல் நின்றபடி கேள்விக்குறி போட்டால், 'டாப்ரூலுக்கு ஆவணம் இல்லை' என்று தாங்கள் சொல்லக்கூடும். உண்மைதான், ஆவணம் இருப்பது அந்தக் கட்டளையைத் தரும் புக்டேப்ஸ் தொகுப்புக்கு. ஒரு கட்டளை எந்தத் தொகுப்பைச் சேர்ந்தது என்று அறிவது தங்கள் அதிகார வரம்புக்குள் வராது என்றால், அதையே சொல்லலாமே: 'நான் தொகுப்பின் பெயரில்தான் தேடுவேன், நீங்கள் கொடுத்தது கட்டளையின் பெயராக இருக்கக்கூடும்' என்று. அந்த ஒரு வரி போதும், புதிதாகக் கற்கிறவருக்குப் பாதி பகல் மிஞ்சும்.

அடுத்தது, இருந்தும் இல்லாத ஆவணங்கள். டெபியன் இயங்குதளத்திலும் அதன் வழிவந்த உபுண்டுவிலும் நிரல் ஒரு பொதியாகவும் அதன் கையேடு தனிப் பொதியாகவும் வருகின்றன. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. டெக்கை உருவாக்கிய டொனால்ட் நூத், நிரலும் விளக்கமும் ஒரே கோப்பில் பின்னிக் கிடக்க வேண்டும் என்று 1984இல் ஒரு கோட்பாடாகவே எழுதினார். அந்த வழியில்தான் லேட்டெக் தொகுப்புகள் பலவும் இன்றுவரை எழுதப்படுகின்றன: ஒரே மூலக் கோப்பு, அதிலிருந்து ஒருபக்கம் நிரலும் மறுபக்கம் கையேடும் பிரிந்து வரும். ஆசிரியர் பிரியக் கூடாது என்று ஒன்றாய்க் கட்டி வைத்ததை வழங்குகிறவர் பிரித்து இரண்டு பெட்டியில் அனுப்புகிறார். பெறுகிறவர் ஒரு பெட்டியைத்தான் பெற்றோம் என்றே அறிவதில்லை. வட்டில் இடம் போதாது என்பது இதற்கான சமாதானம். அது வெறும் சாக்கல்ல. டெக் லைவ் முழுத் தொகுப்பு பல ஜிகாபைட். அதில் கணிசமான பங்கு கையேடுகள்தான். மனிதர் யாரும் உட்காராத சேவையகங்களில் அவற்றை வைத்திருப்பது வீண். பிரிக்காதீர்கள் என்று நான் மனுப் போடவில்லை. பிரித்ததைச் சொல்லுங்கள் என்கிறேன். எந்தக் கோப்பு எந்தப் பொதியில் என்ற கணக்கு, பிரித்தவர்களிடம் இருக்கத்தானே செய்யும்? 'இதன் கையேடு இன்ன பொதியில் இருக்கிறது, அதை நிறுவவும்' என்று சொல்ல எத்தனை ஜிகாபைட் ஆகும்?

தங்களால் காரணம் சொல்ல முடியாது என்றும் நான் நம்பவில்லை. கணினியில் ஒரு கையேடுகூட இல்லை என்றால், அண்மைக்காலப் பதிப்புகளில் தாங்களே அதைச் சொல்கிறீர்கள். இணையத்தில் பார்க்கிறீர்களா என்று கேட்கிறீர்கள். அங்கே இருப்பது வேறு பதிப்புக்கானதாக இருக்கலாம் என்று எச்சரிக்கவும் செய்கிறீர்கள். அருமையான பதில். ஆனால் அலமாரி முழுக்கக் காலியாக இருந்தால்தான் அந்தப் பதில் வரும். ஒரு தட்டில் நாலு கையேடு கிடந்துவிட்டால் பழைய மன்னிப்புக்கே திரும்பிவிடுகிறீர்கள். பெரும்பாலான வீடுகளில் அலமாரி அரைகுறையாகத்தான் இருக்கிறது, ஐயா.

'இதெல்லாம் எதற்கு, இணையத்தில் தேடினால் ஒரு நொடியில் வரும்' என்பார்கள். வரும், எந்தப் பதிப்பு வரும் என்பதுதான் கேள்வி. எண்களையும் அலகுகளையும் அச்சிட உதவும் எஸ்ஐயூனிட்எக்ஸ் தொகுப்பு 2021இல் மூன்றாம் பதிப்புக்கு மாறியது. எஸ்ஐ என்றிருந்த கட்டளைக்குப் பதிலாக க்யூடிஒய் என்ற கட்டளை வந்தது. அதே 2021 ஆகஸ்டில் வெளியான டெபியன் 11இல் இருப்பதோ டெக் லைவ் 2020. அந்தக் கணினியில் உட்கார்ந்து, இணையத்தில் கிடைத்த புத்தம்புதிய கையேட்டைப் படித்து, க்யூடிஒய் என்று எழுதினால், அப்படியொரு கட்டளையே கிடையாது என்று லேட்டெக் கைவிரிக்கும். கையேடு சரி, நிரலும் சரி. இரண்டும் ஒன்றையொன்று சந்தித்ததில்லை, அவ்வளவுதான். நிறுவிய நிரலோடு கூடவே வந்த கையேடுதான் அந்த நிரலைப் பற்றிப் பேசும். செயற்கை நுண்ணறிவிடம் கேட்கலாம் என்கிற புதுக் கட்சிக்கும் இதுவே பதில். அது எந்த ஆண்டின் கையேட்டைப் படித்துவிட்டு வந்து பேசுகிறது என்று அதற்கே பெரும்பாலும் சொல்லத் தெரியாது. மேலும், இணையம் என்பது எப்போதும் இருக்கும் பொருள் என்ற நம்பிக்கை கடற்கரையில் செல்லாது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்தது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை ஏறி, ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அப்படிப்பட்ட நாளில் மடிக்கணினியில் மிச்சமிருக்கும் மின்சாரத்துக்குப் பயன்படுவது வட்டில் கிடக்கும் பிடிஎஃப் மட்டுமே.

தங்கள் கடைநிலை ஊழியர் ஆக்டெக் பற்றியும் ஒரு வார்த்தை. சாதாரணமாகக் கேட்டால் தாங்கள் சொன்னதை அப்படியே வந்து ஒப்பிக்கிறது, அதில் குறையில்லை. ஒரு தொகுப்புக்கு என்னென்ன கையேடுகள் உள்ளன என்று பட்டியல் கேட்கும்போதுதான் சங்கடம். தங்கள் பதிலில் எண்ணில் தொடங்கும் வரிகளை மட்டும் பொறுக்கிக்கொண்டு மற்றவற்றை அது குப்பையில் போடுகிறது. எண் உள்ள வரி ஒன்றும் இல்லையென்றால், 'ஆவணம் கிடைக்கவில்லை' என்று தானே ஒரு வாக்கியம் கட்டிக்கொண்டு வந்து நிற்கிறது. சிடானில் தேடிப் பாருங்கள் என்று மன்னிப்போடு தாங்கள் சேர்த்தனுப்பும் புத்திமதி வழியிலேயே தொலைந்துபோகும். இன்னொரு சங்கடமும் உண்டு: மேக் கணினியில் ஈமாக்ஸைச் சின்னத்தைத் தட்டித் திறந்தால், தாங்கள் குடியிருக்கும் அடைவு அதன் தேடல் பாதையில் சேராமல் போகலாம். அதாவது அலுவலரே அலுவலகத்தில் இல்லை, கதவு பூட்டியிருக்கிறது. 'டெக்டாக் என்ற கட்டளையே கிடையாது' என்று கணினி கத்துகிறது.

இலவசமாகக் கிடைப்பதில் குறை காணலாமா என்று ஒரு கேள்வி எழும். தங்கள் துறையில் சம்பளம் வாங்குகிறவர் யாருமில்லை, மாலை நேரங்களைச் செலவிட்டு எழுதியவர்களின் உழைப்பு இது என்பதை அறிவேன். ஆனால் கையேடு எழுதியவரும் அதே மாலை நேரத்தைத்தான் செலவிட்டார். அவருடைய 1,300 பக்கத்துக்கும் படிக்க வந்தவருக்கும் நடுவே நிற்பது தங்கள் ஒருவரி. அதைத் திருத்தச் சொல்வது அவருடைய உழைப்புக்கு வக்காலத்து வாங்குவதே தவிர, தங்கள் உழைப்பைப் பழிப்பதாகாது. தவிர, 'கற்க வந்தவனுக்குப் பொறுமை வேண்டாமா' என்று அதட்டுகிற பெரியவர்கள் இத்துறையில் உண்டு. கையேட்டைப் படி என்பது அவர்களுடைய நெடுங்கால உபதேசம். படிக்கத்தான் கேட்கிறோம்.

ஆகவே, கையேடு கிடைக்காதபோது அது வேறு பெயரிலா, நிறுவாத பொதியிலா, பதிவேட்டில் ஏறாமலா, எங்குமே இல்லையா என்பதில் தெரிந்த அளவையாவது பதிலில் சேர்க்குமாறும், உறுதியாகத் தெரியாவிட்டால் எந்தெந்த அடைவுகளில் தேடினீர்கள் என்பதையாவது குறிப்பிடுமாறும் பணிவன்புடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
மேற்படி மனுதாரர்

நகல்:
டெபியன் பொதிப் பராமரிப்பாளர்களுக்கு, தகவலுக்காக. மனு ஒரே பெட்டியில் அனுப்பப்படுகிறது, பிரிக்க வேண்டாம்.
1. ஆக்டெக்குக்கு. அதன் கண்ணில் படவேண்டும் என்பதற்காக இந்த வரிக்கு மட்டும் எண் இடப்பட்டுள்ளது.