அப்பத்தா பார்த்த இரண்டு கோல்

தோகாவில் ஏசி மெக்கானிக்காக இருக்கும் என் மச்சினன் 2023 டிசம்பரில் ஒருநாள் போன் செய்தான். "மச்சான், பொங்கலுக்கு எல்லாரும் இங்க வந்துருங்க. இந்தியா ஆஸ்திரேலியா மேட்ச்சுக்கு டிக்கெட் எடுத்துட்டேன்" என்றான். கிரிக்கெட் என்று நினைத்துத்தான் சரி என்றேன். கால்பந்து என்று தெரியவந்தபோது விமானத்துக்குப் பணம் கட்டியாகிவிட்டது.

ஆட்டத்துக்கான டிக்கெட் மலிவுதான். 25 ரியால், நம் காசுக்கு அறுநூறு ரூபாய்க்குள் அடங்கும். அந்த அறுநூறு ரூபாய் ஆட்டத்தைப் பார்க்கப் போய்வர ஐந்து பேருக்கு ஆன செலவை இங்கே எழுதலாம். என் மனைவி இதைப் படிப்பாள் என்பதால் விட்டுவிடுகிறேன்.

எங்கள் ஊர் வல்லத்திராக்கோட்டை. புதுக்கோட்டையிலிருந்து அறந்தாங்கி போகும் சாலையில் வரும். எங்கள் தெருவில் பாஸ்போர்ட் இல்லாத வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆனால் பாஸ்போர்ட் என்பது வேலைக்குப் போக எடுப்பது. குடும்பத்தோடு கிளம்பி, பந்து விளையாடுவதை வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்பி வருவதற்கும் அது பயன்படும் என்பதை ஊர் நம்பவில்லை. வழியனுப்ப வந்தவர்கள், "ஏஜென்ட்டுக்கு எவ்வளவு கட்டுனீங்க?" என்று காதோரம் கேட்டார்கள். அம்மாவும் வருகிறாள் என்றதும் ஒருவர் நிஜமாகவே கவலைப்பட்டார். "இந்த வயசுல அப்பத்தாவுக்கு அங்க என்ன வேலை போட்டுக் குடுப்பான்?"

என் பிள்ளைகளுக்கு அப்பத்தா என்பதால் என் அம்மா ஊருக்கே அப்பத்தா. அவளுக்கு இந்தப் பயணத்தில் இஷ்டமில்லை. மாட்டுப் பொங்கலன்று மாட்டை விட்டுவிட்டுப் போகிற குடும்பம் உருப்படுமா என்பது அவள் கேள்வி. மாட்டைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்து, கொம்புக்கு எந்தக் கலர் பெயிண்ட் அடிக்க வேண்டும் என்பது வரை சொல்லிவிட்டுத்தான் காரில் ஏறினாள். திருச்சி விமான நிலையத்தின் புது முனையத்தைப் பிரதமர் ஜனவரி 2ஆம் தேதி திறந்துவைத்ததை அம்மா டிவியில் பார்த்திருந்தாள். அடுத்த வாரம் நாங்கள் போனபோது பழைய கட்டடத்தில்தான் ஏறினோம். புதியது ஜூனில்தான் புழக்கத்துக்கு வந்தது. "பால் காய்ச்சிட்டுக் குடிபோகாம வச்சிருக்காங்க" என்றாள்.

போட்டியின் பெயரிலேயே எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. ஆட்டம் நடப்பது 2024 ஜனவரியில், பெயரோ ஆசியக் கோப்பை 2023. சீனாவில் நடக்க வேண்டியதாம். கொரோனாவால் அவர்கள் கைவிரிக்க, கத்தார் எடுத்துக்கொண்டு, கோடை வெயிலுக்குப் பயந்து ஜனவரிக்குத் தள்ளியிருக்கிறது. கல்யாணம் தள்ளிப்போனாலும் அடித்த பத்திரிகையை வீணாக்காத குடும்பம்போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஜனவரி 13, சனிக்கிழமை. போகிக்கு முதல் நாள். ஆட்டம் மதியம் இரண்டரைக்கு, அகமது பின் அலி மைதானத்தில். மெட்ரோவின் பச்சைத் தடத்தில் அல் ரிஃபா நிலையத்தில் இறங்கினோம். இறங்கியவர்களில் பாதிக்கு மேல் நீலச் சட்டை, பேசியது பெரும்பாலும் மலையாளம். "நாம திருவனந்தபுரத்துக்கே போயிருக்கலாம்" என்றாள் மனைவி.

பிரச்சினை வாசலில் தொடங்கியது. அம்மா விடிகாலையில் எழுந்து மச்சினன் அறையில் புளிச்சோறு கிளறி, தொட்டுக்கொள்ளத் துவையல் அரைத்து, ஊரிலிருந்து கொண்டுவந்த முறுக்கோடு கட்டி எடுத்து வந்திருந்தாள். ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில் வேறு. வெளிச் சாப்பாடு உள்ளே கொண்டுபோகக் கூடாது என்பது டிக்கெட்டோடு வந்த விதிகளிலேயே இருந்ததாம். எங்கள் குடும்பத்தில் விதிகளைப் படிக்கும் வழக்கம் இல்லை. வாசலில் நின்ற பையன் மரியாதையாக ஒரு தொட்டியைக் காட்டினான், அதில் போட்டுவிட்டுப் போகலாம் என்று. சோற்றைக் குப்பையில் போடுவதா? அம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். அவ்வளவுதான், ஓரமாக நிழல் பார்த்து உட்கார்ந்தோம். ஆறு பேருக்குக் கட்டிய சோற்றை ஆறு பேரும் தின்று தீர்த்தோம். பாட்டில் தண்ணீரையும் வீணாக்கக் கூடாது என்று மடமடவெனக் குடித்து முடித்தோம். இந்தத் தண்ணீரை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்திருக்க வேண்டும். கதை இதை நம்பித்தான் இருக்கிறது.

உள்ளே நாற்பதாயிரம் பேருக்கு மேல் உட்காரக்கூடிய மைதானம். அம்மா சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "வாடிவாசல் எங்கடா?" தப்பில்லை. தச்சங்குறிச்சி ஜல்லிக்கட்டு முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. எங்கள் மாவட்டத்தில் ஜனவரி மாதம் கூட்டம் கூடினால் மாடு வர வேண்டும்.

"இதுல மாடு இல்லம்மா. பந்தை வலைக்குள்ள அடிக்கணும்."

"அடிச்சா என்ன குடுப்பாங்க? அண்டாவா, கட்டிலா?"

"ஒண்ணும் தர மாட்டாங்க. ஒரு கோலுன்னு கணக்கு."

"வெறுங்கணக்குக்கா இந்த ஓட்டம் ஓடுறாங்க!"

மச்சினன் அவளுக்குத் தெம்பூட்ட நினைத்தான். உலகத் தரவரிசையில் ஆஸ்திரேலியா 25, நாம் 102 என்பதை மறைத்துவிட்டு, 1956க்குப் போனான். மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவை அவர்கள் மண்ணிலேயே 4–2 என்று தோற்கடித்தோம், நெவில் டிசோசா மட்டும் மூன்று கோல் அடித்தார், அந்த ஒலிம்பிக்கில் நமக்கு நான்காவது இடம் என்று அடுக்கினான். அம்மாவுக்கு அதில் ஒன்றுதான் காதில் விழுந்தது. "அம்பத்தாறா? நான் பொறந்த வருசம்." பிறகு நிதானமாகச் சொன்னாள், "நான் பொறந்தப்ப ஜெயிச்சிருக்காங்க. இப்ப நேர்லயே வந்திருக்கேன். பாப்போம்."

ஆட்டம் தொடங்கி ஐந்து நிமிடத்தில் அம்மா முன்னால் சாய்ந்தாள். "ஏண்டா, நடுவுல விசில் ஊதுறது பொம்பளப்புள்ளையா?" ஆமாம். ஜப்பானைச் சேர்ந்த யோஷிமி யமஷிதா. ஆண்கள் ஆசியக் கோப்பையில் ஒரு பெண் நடுவராக இறங்கிய முதல் ஆட்டம் அது. அந்தக் கோப்பை தொடங்கியதும் அம்மா பிறந்த 1956இல்தான் என்று மச்சினன் சொன்னதும், அம்மா ஏதோ தன் பேத்தியே மைதானத்தில் இறங்கியதுபோல நிமிர்ந்து உட்கார்ந்தாள். அதன் பிறகு அவள் பந்தைப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணைத்தான் பார்த்தாள். இரண்டு மீட்டர் உயரத்துக்கு வளர்ந்த ஆஸ்திரேலியர்கள் அந்தப் பெண்ணின் முன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்து, "ஒத்தப் பொட்டச்சி இருவத்திரண்டு காளையை மேய்க்கிறா" என்றாள். மாடு கிடைத்துவிட்டது. இனி அவளுக்கு விளையாட்டு புரியும்.

ஆஃப்சைடு மட்டும் புரியவில்லை. மச்சினன் கையால் கோடு போட்டுக் காட்டினான், மகன் முறுக்குத் துணுக்குகளை வைத்துக் காட்டினான் (ஒரு பொட்டலம் எப்படியோ உள்ளே வந்துவிட்டிருந்தது, யாரும் கேட்காதீர்கள்). கடைசியில் என் மனைவிதான் தீர்த்துவைத்தாள். "அத்தை, இலை போடுறதுக்கு முன்னாடியே பந்தியில போய் உக்காந்தா எழுப்பி விட்ருவாங்கள்ல, அதுதான்." அடுத்த முறை கொடி உயர்ந்தபோது அம்மா, "இலை போடல, எந்திரி" என்று சத்தமாகவே சொன்னாள். முன்வரிசை மலையாளி திரும்பிப் பார்த்துத் தலையாட்டினார்.

முதல் பாதி நன்றாகவே போனது. சுனில் சேத்ரி தலையால் முட்டிய ஒரு பந்து கம்பத்துக்கு வெளியே போனதும் எங்கள் பகுதி முழுக்க ஒரே பெருமூச்சு. அவருக்கு 39 வயது என்று மகன் சொன்னான். மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். எனக்கு 43. மூன்றாம் வரிசைப் படி ஏறியதற்கு இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். 0–0 என்று இடைவேளை விட்டார்கள்.

இப்போது அந்தத் தண்ணீர்.

இடைவேளை பதினைந்து நிமிடம். கழிப்பறை வரிசையோ தைப்பூசத்துக்குப் பழனி அடிவாரம். மகளும் மனைவியும் ஒரு பக்கம், நானும் மகனும் மச்சினனும் இன்னொரு பக்கம். மகன் முடித்துவிட்டு வந்து, "அப்பா, மறுபடி வருது" என்றான். திரும்ப வரிசை. நாங்கள் கை கழுவிக்கொண்டிருந்தபோது மேலே இடி இறங்கியதுபோல ஒரு சத்தம், பிறகு நம் பக்கத்திலிருந்து பெரிய அமைதி. ஐம்பதாவது நிமிடம். ஓடிப் போய்ப் பார்த்தால் பலகையில் 1–0. முட்டிவலியால் எழுந்திருக்காத அம்மா மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தாள்.

"என்னம்மா ஆச்சு?"

"வலையைக் காக்குற நெட்டப்பையன் நல்லாத்தான் பந்தத் தட்டிவிட்டான். தட்டுனது மஞ்சச் சட்டக்காரன் காலடியிலயே போய் விழுந்துருச்சு. அவன் சும்மா விடுவானா?"

பிறகு தொலைக்காட்சி வர்ணனையாளர்கள் அரைமணி நேரம் அலசினார்கள். குர்பிரீத், ஜாக்சன் இர்வின் என்ற இரண்டு பெயர்களைத் தவிர அம்மா சொன்னதற்கு மேல் அவர்களிடம் ஒன்றும் இல்லை.

இனி நகரவே கூடாது என்று உட்கார்ந்தோம். நகரவும் இல்லை. எழுபது நிமிடம் தாண்டியதும் மகள், "இன்னும் ஒரு குடும்ப செல்ஃபிகூட எடுக்கல" என்று நினைவூட்டினாள். மைதானம் பின்னணியில் வர வேண்டும் என்றால் நாம் மைதானத்துக்கு முதுகைக் காட்ட வேண்டும். ஐந்து பேரும் காட்டினோம். அம்மா மாட்டேன் என்றுவிட்டாள். அந்த நொடியில், ஜோர்டன் போஸ் என்று மாற்று ஆளாக இறங்கி இரண்டு நிமிடம்கூட ஆகாத ஒருவர், இரண்டாவது கோலையும் அடித்துவிட்டுப் போனார்.

அந்தப் படம் இன்று எங்கள் வீட்டுக் கூடத்தில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. ஐந்து பேர் பல் தெரியச் சிரிக்கிறோம். ஓரத்தில் அப்பத்தா வாய் பிளந்து வேறு பக்கம் பார்க்கிறாள். எங்கள் தலைகளுக்கு மேலே தூரத்தில் மஞ்சள் சட்டைகள் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கின்றன.

ஆக, கடல் தாண்டிப் போன குடும்பத்தில் விழுந்த இரண்டு கோலையும் பார்த்தது, போக மறுத்த ஒரே ஆள். ஊர் திரும்பியதும் இது எப்படியோ பரவிவிட்டது. ஆட்டம் எப்படி என்று என்னிடம் கேட்பவர்கள் நான் வாயைத் திறக்கும் முன்பே, "அப்பத்தா இருக்கா?" என்று உள்ளே எட்டிப்பார்க்கத் தொடங்கினார்கள். திண்ணையில் உட்கார்ந்து அவள் தட்டிவிட்ட கையையும் உதைத்த காலையும் நடித்துக் காட்டுவாள். அந்தப் பெண் விசில் ஊதும் இடத்தில் மட்டும் எழுந்து நின்று ஊதுவாள். அப்போது முட்டிவலி இருக்காது.

அதற்குள் இந்தியா உஸ்பெகிஸ்தானிடம் 0–3, சிரியாவிடம் 0–1 என்று முடித்துவிட்டிருந்தது. மூன்று ஆட்டம், வாங்கியது ஆறு, அடித்தது ஒன்றுமில்லை. "2011ல இதே தோகாவுல ஆஸ்திரேலியாகிட்ட நாலு வாங்குனோம் அத்தை, இப்ப ரெண்டுதான்" என்று மச்சினன் போனில் சமாதானம் சொன்னான். ஆடி மாதம் ஊருக்கு ஊர் மொய்விருந்து நடக்கிற பக்கத்தில் வாழ்க்கைப்பட்டவளிடம் இப்படிக் கணக்குப் பேசியிருக்கக் கூடாது. அம்மா விரலை மடக்கினாள்.

"அம்பத்தாறுல நாம நாலு செஞ்சோம், அவன் ரெண்டு செஞ்சான். அவன் பாக்கி ரெண்டு. அப்புறம் நாலு செஞ்சிருக்கான். பாக்கி கழிஞ்சு ரெண்டு கூட. இப்ப ஒரு ரெண்டு. ஆக நாம திருப்பிச் செய்ய வேண்டியது நாலு." நிமிர்ந்தாள். "அடுத்த விசேசம் எப்ப?"

2027இல், சவூதியில் என்றேன். போன அக்டோபரில், 2025இல், கோவாவில் சிங்கப்பூரிடம் 2–1 என்று தோற்று அதற்குள் நுழையும் வாய்ப்பும் போய்விட்ட செய்தியை அவளிடம் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆனது. மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவள் வாளியைக் கீழே வைத்தாள்.

"நாலு பாக்கி நிக்கிறப்ப பத்திரிகை வைக்காம விட்டுட்டாங்களாடா?"