நிகர எடை

“துடுப்பு போட்டுப் போட்டு வலது தோள் போச்சு டாக்டர்” என்றேன். அவர் எக்ஸ்ரேயிலிருந்து கண்ணை எடுக்காமலே, “கல்யாணச் சமையலா, கேன்டீன் கான்ட்ராக்டா?” என்று கேட்டார்.

அவர்மேல் தப்பு சொல்ல முடியாது. தமிழில் தண்ணீரைத் தள்ளுவதும் துடுப்பு, அண்டாவில் கூழைக் கிளறுவதும் துடுப்பு. என் வயிற்றைப் பார்த்தவர்களுக்கு இரண்டாவதுதான் முதலில் தோன்றும். “கயாக் டாக்டர். ஒத்தை ஆள் படகு. மீன் பிடிக்கிறதுக்கு” என்றேன். பேனாவை மூடிக் கீழே வைத்தார். “எவ்வளவு மீன் கிடைக்கும்?” என்றார். நான் கூரையைப் பார்த்தேன். மாத்திரை எழுதி, “வெயிட் தூக்காதீங்க” என்று அனுப்பிவைத்தார்.

அந்தக் கடைசி வாக்கியத்தை எனக்கு வசதியாகப் பொருள் பண்ணிக்கொண்டேன். கயாக்கை விடச் சொல்லவில்லை. கனமான துடுப்பைத்தான் விடச் சொல்லியிருக்கிறார்.

எடை விஷயத்தில் நான் ஏமாறக்கூடாத ஆள். ராஜாஜி சாலைப் பக்கம் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் இருபத்திரண்டு வருடமாகக் கப்பல் சரக்குக் காகிதங்களோடு குப்பை கொட்டுகிறேன். மொத்த எடை, நிகர எடை, காலிப் பெட்டியின் எடை என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை இதே பாராயணம். 2016 ஜூலை 1-லிருந்து, சரக்கு ஏற்றிய கன்டெய்னர் எதுவும் எடை சரிபார்க்காமல் கப்பல் ஏறக்கூடாது என்று உலகம் முழுக்கச் சட்டம். காகிதத்தில் சொன்ன எடை ஒன்று, பெட்டிக்குள் இருந்தது ஒன்று என்றால், நடுக்கடலில் அடுக்கு சரியும். இதையெல்லாம் ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தவன், துடுப்பின் பெட்டியில் “980 கிராம்” என்று அச்சடித்திருந்ததை அப்படியே நம்பி மூன்று வருடம் ஓட்டியிருக்கிறேன்.

கயாக் ஈ.சி.ஆர். பக்கம் ஒருவரிடம் பழையதாக வாங்கியது. பன்னிரண்டு அடி நீளம், முப்பத்திரண்டு அங்குல அகலம், முப்பது கிலோவுக்கு மேல் கனம், மஞ்சள் பிளாஸ்டிக். குட்டியானையில் ஏற்றி வந்து திருவொற்றியூர் தெருவில் இறக்கியபோது, மாடிக்குத் தண்ணீர்த் தொட்டி வந்திருக்கிறது என்று நினைத்து, எத்தனை லிட்டர் என்று இரண்டு பேர் கேட்டார்கள். கூடவே ஓசியில் வந்ததுதான் அந்தத் துடுப்பு. நடுவில் அலுமினியக் குழாய், இரண்டு முனையிலும் கறுப்பு பிளாஸ்டிக் தட்டை, நடுவே கழற்றி மாட்ட ஒரு பூட்டு.

அந்தப் பூட்டு ஆறே மாதத்தில் உப்பும் மணலும் ஏறி இறுகிப்போனது. அன்றிலிருந்து அது எட்டடிக் கம்பு. ஷேர் ஆட்டோவில் குறுக்கே வைத்தால் இந்தப் பக்கம் என் தலை, அந்தப் பக்கம் எதிரே வருகிற பைக்காரர் தலை. வெயிலில் கிடந்தால் அலுமினியம் தோசைக்கல்லாகிவிடும். முதல் வீச்சுக்கு முன்னால் நாலு கை தண்ணீர் அள்ளி ஊற்றி ஆற வைக்க வேண்டும்.

நான் போவது எண்ணூர் முகத்துவாரம். கொசஸ்தலை ஆறு கடலைத் தொடுகிற இடம். வடக்கே அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள், அதற்கப்பால் 2001-ல் எண்ணூர்த் துறைமுகமாகத் தொடங்கிப் பிற்பாடு காமராஜர் பெயர் சூட்டிக்கொண்ட துறைமுகம், தலைக்கு மேலே உயர் அழுத்த மின்கம்பிகள். இத்தனைக்கும் நடுவில் கொடுவாயும் மடவையும் இன்னமும் இருக்கின்றன என்பதுதான் எனக்குத் தீராத ஆச்சரியம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய் இறங்கி, கரையோரப் படகு, வலை எல்லாவற்றையும் கறுப்படித்தது. என் மஞ்சள் படகுக்கும் அப்போது கறுப்பு பார்டர் விழுந்தது. எத்தனை தேய்த்தும் போகவில்லை, இப்போது டிசைன் என்று சொல்லிக்கொள்கிறேன்.

அங்கே கழுத்தளவுத் தண்ணீரில் இருளர் குடும்பத்துப் பெண்கள் இறால் பிடிப்பார்கள். பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் அடிச்சேற்றைத் தடவித் தடவிப் பிடித்துப் பறிக்குள் போடுவார்கள். வலை இல்லை, தூண்டில் இல்லை, துடுப்பு இல்லவே இல்லை. நான் இரண்டு தூண்டில், ஒரு ஐஸ் பெட்டி, லைஃப் ஜாக்கெட், வாட்டர் ப்ரூஃப் பையில் போன் சகிதம் பக்கத்தில் போவேன். ஒரு நாள் ஒரு அம்மா என் ஐஸ் பெட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, “ஐஸுதான் கீதா?” என்றார். அதைக் கேட்பதற்காகப் பறியையே வாயிலிருந்து எடுத்தார் என்றால், நான் எவ்வளவு பரிதாபமாகத் தெரிந்திருக்க வேண்டும்!

டாக்டரைப் பார்த்த மறுநாள் துடுப்பை எடுத்துக்கொண்டு காசிமேட்டுக்குப் போனேன். வீட்டுத் தராசில் எட்டடிச் சாமானை நிறுத்த முடியாது. வழக்கமாக மீன் வாங்கும் அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் சங்கராவை ஒதுக்கி, தட்டைத் துடைத்து, தராசை பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தார். துடுப்பின் நடுவைத் தட்டில் வைத்து நான் கையை எடுத்ததும் அது ஏற்றம் மாதிரி ஒரு பக்கம் சாய்ந்து பக்கத்துக் கடை நெத்திலிக் கூடையில் தலையை விட்டது. இரண்டாவது முறை நின்றது. சிவப்பு எழுத்தில் 1.260.

“ஒண்ணேகால் கிலோக்கு மேல பத்து கிராம்” என்றார் அக்கா. பிறகு கை பழக்கத்தில், “வெட்டணுமா, முழுசா குடுத்துடவா?” என்றார்.

சொன்னது 980, இருப்பது 1,260. 280 கிராம் வித்தியாசம்! எங்கள் தொழிலில் இப்படி வந்தால் பெட்டியைத் திறந்து காட்டு என்பார்கள். எனக்கு அது தோன்றவில்லை. புதுசு வாங்குவதற்குக் காரணம் கிடைத்த சந்தோஷத்தில் மூளையை மூடிவிட்டேன்.

அன்றிரவே காகிதம் எடுத்துக் கணக்கு போட்டேன். நிமிடத்துக்கு முப்பது வீச்சு. மணிக்கு 1,800. மூன்று மணி நேரத்துக்கு 5,400. ஒவ்வொரு வீச்சிலும் அரை கிலோ மிச்சம் பிடித்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு 2,700 கிலோ. வீட்டுக்காரியிடம் காகிதத்தை நீட்டினேன். “ரெண்டு மாடியேறி மளிகைச் சாமான் நான் தூக்கறதுக்கும் ஒரு கணக்கு போடுங்களேன்” என்றாள். காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

துடுப்பு உலகத்தில் ஜாதி மூன்று. அடியில் அலுமினியம், ஒரு கிலோவும் அதற்கு மேலும். நடுவில் கண்ணாடி இழை, ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் உள்ளே. உச்சியில் கார்பன், முக்கால் கிலோ. படகு அகலமாகி, இருக்கையும் உயர்ந்தால் துடுப்பு நீளமாக வேண்டும். என் அகலத்துக்கு 250 சென்டிமீட்டர் என்றார்கள். படகின் அகலத்தைத்தான் சொன்னார்கள் என்று நம்புகிறேன். கனம் நடுவில் இருந்தால் கை பொறுக்கும், முனையில் இருந்தால்தான் தோள் அழும் என்பதும் அப்போது தெரிந்துகொண்டது. மீன்காரர்களுக்கென்றே தட்டையின் ஓரத்தில் சிக்கிய தூண்டில் முள்ளை இழுத்துவிட ஒரு வெட்டு, தண்டில் மீனை அளக்க அளவுகோல் எல்லாம் வைத்து விற்கிறார்கள். அளவுகோல் எனக்கு வீண் செலவு.

கார்பன் ஒன்று பார்த்தேன். 700 கிராம், 24,500 ரூபாய். காசிமேட்டு அக்காவிடம் பெருமையாகச் சொன்னேன். ஒரு நொடி மேலே பார்த்து மனக்கணக்கு போட்டார். “கிலோ முப்பத்தஞ்சாயிரமா? வஞ்சரம் ஆயிரத்து இருநூறு சொன்னா மூஞ்சியத் திருப்பிக்கினு போற ஆளு நீ!”

அதைவிட எனக்கு உறுத்தியது வேறு. கார்பன் என்றால் கரி. நான் ராயபுரத்தில் வளர்ந்தவன். சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறங்கிய காலம் முழுக்க அது எங்கள் கொடியில் காயும் வேட்டியின் மேல் இலவசமாகவே வந்து சேர்ந்தது. 2011-ல் அந்தச் சரக்கு எண்ணூருக்கு மாறியது. நானும் கல்யாணமாகி அதன் பின்னாலேயே வடக்கே குடிவந்தேன். இத்தனை வருடம் சும்மா வந்ததைக் காசு கொடுத்து வாங்குவதா? ஸ்வெட்டர் பின்னும் அக்ரிலிக் நூலுக்குச் சொந்தக்கார இழையைக் காற்றில்லாமல் சுட்டுக் கரியாக்கினால் அதுதான் கார்பன் ஃபைபர் என்று ஒருவர் விளக்கினார். எரிந்துபோன ஸ்வெட்டருக்கு இருபத்திநாலாயிரம் என்று கேட்டதும் இன்னும் மனசு கசந்தது.

முடிவெடுக்கக் குப்பத்து நைனாவிடம் போனேன். எண்பதை நெருங்குகிறார். கட்டுமரத்தில் நாற்பது வருடம் தொழில் செய்தவர். என் கயாக்கைக் கரையேற்ற அவர் ஒரு கை பிடிப்பார், அந்த உரிமையில் கேலியும் செய்வார். அவருடைய கதவுக்குப் பின்னால் ஒரு மரத்துடுப்பு சாத்தியிருக்கும். கறுத்து, கைபட்ட இடம் மட்டும் எண்ணெய் தடவினதுபோல் மின்னும்.

“எத்தனை கிலோ நைனா இது?”

“துடுப்ப யாராச்சும் எடை போடுவாங்களா? கையில புடி. கனமாத் தெரிஞ்சா கை சரியில்லன்னு அர்த்தம்.”

பிடித்தேன். என் கை சரியில்லை.

“உன்னுத காய வைக்கிறியா?” என்றார். கட்டுமரத்தைத் தினமும் கரையேற்றிக் கயிற்றை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாகக் காயப் போடுவார்களாம். தண்ணீர் குடித்த மரம் காலையில் ஒரு கனம், சாயந்தரம் ஒரு கனம். “நைனா, இது அலுமினியம். தண்ணி குடிக்காது” என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அவருடைய முன்னோர்களை நினைத்தால் எனக்குத் தொழில் முறையில் ஒரு பாசம் உண்டு. சென்னைக்குத் துறைமுகமே இல்லாத காலத்தில் கப்பல் தூரத்தில் நிற்கும். அலையைக் கிழித்துக்கொண்டு கடிதங்களைக் கப்பலுக்குக் கொண்டுபோனவர்கள் கட்டுமரக்காரர்கள். காகிதம் நனையாமல் இருக்க ஓலையில் முடைந்த கூம்புத் தொப்பிக்குள் வைத்துத் தலையில் கவிழ்த்துக்கொள்வார்களாம். கப்பலுக்குக் காகிதம் சேர்ப்பதுதானே என் பிழைப்பும்! அவர்கள் தலையில் சுமந்தார்கள், எனக்குத் தலைவலியாக மட்டும் இருக்கிறது. வெள்ளைக்காரன் கட்டுமரம் என்ற பேரை எடுத்துக்கொண்டு போய் இரட்டை உடம்புப் படகுக்கு வைத்துவிட்டான். துடுப்பை விட்டுவிட்டுப் போனது நம் அதிர்ஷ்டம்.

கார்பன் சமாச்சாரத்தைச் சொன்னேன். நைனா கையை மேலே காட்டினார். முகத்துவாரத்துக்குக் குறுக்கே போகும் கம்பிகள்.

“கரின்றே. பழைய பேட்டரிக் கட்டைக்குள்ள கீதே, அந்தக் கரிக்குச்சி தானே? கரண்ட் இழுக்கும். எட்டடிக் கரிய கையில தூக்கிக்கினு அதுக்குக் கீழ போவியா?”

கார்பன் மின்சாரம் கடத்தும் என்பது உண்மை. உட்கார்ந்தபடி நான் தூக்கினால் துடுப்பு கம்பிக்கு அருகில்கூடப் போகாது என்பதும் உண்மை. ஆனால் 24,500 ரூபாய் இல்லாதவனுக்கு இதைவிட கௌரவமான காரணம் எங்கே கிடைக்கும்? பாதுகாப்பு கருதிக் கார்பன் வேண்டாம் என்று ஆபீஸ் முழுக்கச் சொன்னேன்.

கண்ணாடி இழையில் ஒன்று வாங்கினேன். 11,500 ரூபாய், சொன்ன எடை 900 கிராம். குப்பத்தில் அதற்கு உடனே மரியாதை கிடைத்தது. “ஃபைபரா? அப்ப நம்ம போட்டு ஜாதி” என்றார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு கரை முழுக்க ஃபைபர் படகாகிப்போன ஊர் இது. காசிமேட்டு அக்காவின் தராசில் வைத்தேன். 0.905. ஐந்து கிராம்தான் வித்தியாசம். இருபத்திரண்டு வருட சர்வீசில் இவ்வளவு நேர்மையான சரக்கைப் பார்த்ததில்லை. கண் கலங்கிவிட்டது. “அழாத, ஐஸ் தண்ணி பட்டுச்சா?” என்றார் அக்கா.

பழைய துடுப்பு மாடியில் துணிக்கொடிக்கு முட்டுக்கம்பாக நின்றது. அதை ஒரு நாள் நைனா பார்த்துவிட்டார். தேங்காயெண்ணெய் கொண்டா என்றார். பூட்டில் ஊற்றி, சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றி, ஒரு பக்கம் அவர், ஒரு பக்கம் நான். மூன்று வருடம் திறக்காதது கர்ரென்று திரும்பி, சட்டென்று பிரிந்தது. உள்ளிருந்து கெட்டியாக, சாம்பல் நிறத்தில், சந்தனம் கரைத்த மாதிரி ஒன்று வழவழவென்று மாடித் தளத்தில் கொட்டியது. ஒரு பெரிய டம்ளர் அளவு. குழாயின் உள்ளே அடைப்பு ஒன்று எப்போதோ பெயர்ந்து, முகத்துவாரத்து அடிச்சேறும் சாம்பலும் கொஞ்சம் கொஞ்சமாகப் புகுந்து இறுகியிருக்கிறது. குலுக்கியிருந்தாலும் தெரிந்திருக்காது. சேறு சத்தம் போடாது.

“அலுமினியம் தண்ணி குடிக்காதுன்னியே” என்றார் நைனா. “இது சோறே துன்னுகீது.”

கழுவி, நிஜமாகவே காய வைத்து, யாரிடமும் சொல்லாமல் காசிமேட்டுக்குப் போனேன். அக்கா தட்டைத் துடைத்தார். 0.985.

புதுசுக்கும் இதற்கும் எண்பது கிராம். பதினோராயிரத்து ஐந்நூறை எண்பதால் வகுக்க அக்காவுக்கு நேரம் கொடுக்காமல் அரைக் கிலோ நெத்திலி வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

ஆடி ஞாயிறன்று குப்பத்து அம்மன் கோயிலில் கூழ். தெருவை அடைத்து மூன்று அண்டா. கேழ்வரகு மாவும் நொய்யும் கொதித்துக் குமிழ் விட, புகையில் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை. என்னை யாரோ தோளைப் பிடித்து இழுத்து, கையில் ஒரு கம்பைக் கொடுத்தார்கள். கைபட்ட இடம் மட்டும் வழவழப்பு. புளி போட்டுத் தேய்த்து, மஞ்சள் தடவி, வேப்பிலை கட்டியிருந்த நைனாவின் துடுப்பு. கட்டுமரம் போன வருடத்திலிருந்து அது கூழுக்கு மாறிவிட்டதாம். இத்தனை நாள் எனக்குத் தெரியாது.

பத்து சுற்று சுற்றுவதற்குள் தோள் டாக்டரைக் கூப்பிட்டது.

“சும்மா சொல்லு நைனா, எத்தனை கிலோ இருக்கும் இது?”

“அடி பிடிக்குது தம்பி. கிளறு.”