மின்பற்தூரிகையில் பற்றரி மாற்றும் இலக்கணம்: திருகோணமலைத் துறைமுகப் பகுதியை முன்வைத்து ஒரு முன்னாய்வு

வீசியெறியும் மின்பற்தூரிகை எனப்படுவது, கைப்பிடிக்குள் 1.5 வோல்ற்றுப் பற்றரி ஒன்றையோ இரண்டையோ அடக்கி, அடிமூடியைத் தொழிற்சாலையிலேயே இறுக அடைத்து, பற்றரி தீர்ந்ததும் மோட்டார், சுவிச்சு, நைலோன் தும்பு யாவும் ஒருங்கே தீர்ந்தனவாகக் கொள்ளும்படி விற்கப்படும் கருவியாகும். அதன் சாவு மூடியால் நேர்வதேயன்றி முதுமையால் நேர்வதன்று என்பது இக்கட்டுரையின் துணிபு. வேப்பங்குச்சியும் உமிக்கரியும் பற்றரி வேண்டாமையின் ஈண்டு ஆராயப்படா.

ஆய்வுக்களம் திருகோணமலையானமைக்குக் காரணம் உண்டு. சீனக்குடாவை அடுத்து ஆங்கிலேயர் நிறுவிய 99 எண்ணெய்த் தாங்கிகளுள் பெரும்பாலானவை பல தசாப்தங்களாகக் காட்டுக்குள் வெறுமையாக நின்றும், அவற்றை எறிந்துவிடக் கருதாது, 2022 சனவரியில் 14, 24, 61 எனப் பங்கிட்டு இலங்கைத் தரப்பினரும் இந்தியத் தரப்பினரும் உடன்படிக்கை எழுதினர். அத்தகைய துறைமுகத்தின் கரையில் ஒரு பற்றரி தீர்ந்தமைக்காகத் தூரிகையை எறிதல் மரபுவழு ஆகும்.

மூடி திறக்கும் முறைகள், திருகோணமலையை அடுத்த கன்னியாவில் வெந்நீர்க் கிணறுகள் ஏழு உள்ளமையால், தாமும் ஏழாகவே இருத்தல் வேண்டும் என்பர் ஒரு சாரார். கிடைப்பவையோ திருகல், நெம்பல், அறுத்தல் என மூன்றே. எஞ்சிய நான்கும் ஏட்டிலிருந்து செல்லரித்துப் போயின எனக் கொள்ளுதல் ஆய்வுலக வழக்கு. கன்னியா நீரில் ஊறவிட்டால் பசை இளகும் என்னும் கூற்று, அந்நீரில் குளிப்போர் தோல் வேகாமல் வீடு திரும்புதலின் ஏற்கத்தக்கதன்று.

இனி, அறிஞரை இரு கூறாக்கிய முனைநிலைச் சிக்கல். பற்றரியின் நேர்முனை தூரிகைத் தலையை நோக்குமா, அடியை நோக்குமா என்பது வினா. கோணேசர் மலையுச்சியில் கோயில் கொண்டமையால் உயர்ந்தது உச்சியிலேயே இருத்தல் தகும் என்பர் தலைநோக்கியர். இத்துறைமுகத்தின் பெருமை அதன் ஆழத்தில் உள்ளமையால் சிறந்தது அடியிலேயே கிடத்தல் தகும் என்பர் அடிநோக்கியர். பிரட்றிக் கோட்டை வாயிற் கல்வெட்டில் சிதைந்துபோன எழுத்துகளைத் தத்தம் கட்சிக்கு ஏற்ப நிரப்பிப் படிக்க வல்ல புலமைமரபில் வந்தோர், பற்றரிமேல் தெளிவாக அச்சிட்ட கூட்டற்குறியில் மாறுபடுதல் வியப்பன்று. தலைநோக்கியரை மறுத்தெழுந்த கண்டனமும், அக்கண்டனத்துக்குக் கண்டனமும், அதன் திருத்திய பதிப்புக்கு முன்னுரை வழங்கியவர் தம் முன்னுரைக்கே எழுதிக்கொண்ட அடிக்குறிப்பும், அவ்வடிக்குறிப்பில் ஓர் ஒற்று மிகாமையைச் சுட்டி மூன்றாமவர் தம் மணிவிழாவில் வெளியிட்ட குறுநூலும் ஆகிய இவற்றுள் எதிலும், எவரும் மூடியைத் திறந்து பார்த்ததாகக் குறிப்பில்லை.

திறந்திருப்பின், சுவிச்சும் மோட்டாரும் மட்டுமே உள்ள எளிய வகையில், பற்றரியைத் திருப்பியிட்டு இரு முனையும் தகட்டைத் தொட்டாற் போதும், மோட்டார் எதிர்த்திசையில் சுழலுமேயன்றி நில்லாது என்பதும், அச்சில் மையம் விலகப் பொருத்திய சிறு எடை எப்பக்கம் சுழன்றாலும் தூரிகை ஒரே வகையாய் அதிரும் என்பதும் புலப்பட்டிருக்கும். இக்கருத்தை இரு சாராரும் ஒருமனதாக நிராகரித்தனர்; அவர்கள் ஒத்துப்போன இடம் இஃதொன்றே.

கடற்காற்றின் உப்பால் உள்ளிருக்கும் சுருள்வில் துருவேறும், துருவைச் சுரண்டுக. அல்கலைன் பற்றரி கசிந்து வெண்பொடி பூத்திருப்பின், அது பொற்றாசியமைதரொட்சைட்டுக் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டோடு கூடிக் காபனேற்றானதாகும். காரமாதலின், தென்னை வினாகிரி தோய்த்த பஞ்சால் துடைத்து, நன்கு உலர்ந்தபின் புதியதை இடுக. மூடியை மீண்டும் பசையிட்டு ஒட்டுவோர் தொழிற்சாலையின் மாணாக்கர் எனப்படுவர்; ஏனையோர் நீர்புகா ரேப் சுற்றுவர்.

தும்பு மூன்று மாதத்தில் தேய்ந்துவிடும் எனப் பல் வைத்தியர் கூறுதலின், இத்தனை முயற்சியும் வீண் என்னும் ஆட்சேபம் எழலாம். தேய்ந்த தும்பு பல்லுக்கு ஆகாதாயினும் தையல் இயந்திரத்தின் இடுக்கில் அடைந்த பஞ்சுத்தூசியை அகற்ற ஆகும்; அவ்வாறு பயன்கொள்ளுங்கால் நேர்முனை எத்திசை நோக்க வேண்டும் என்பது தனி நூலில் ஆராயத்தக்கது.