ஏர்போர்ட் இருபதே நிமிஷம்!

(கூடுவாஞ்சேரி நந்திவரம் பக்கம் ஒரு மனைப்பிரிவு. கலர் கொடிகள், புதிதாக வெள்ளையடித்த எல்லைக் கற்கள். மனை விற்கும் தரகரும், ரயில்வே டிக்கெட் கவுன்ட்டரில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஓர் அம்மாவும்.)

தரகர்: கார்னர் பிளாட்டும்மா, கிழக்குப் பார்த்தது. ஏர்போர்ட் இருபதே நிமிஷம்!

அம்மா: எத்தனை கிலோமீட்டர் தம்பி?

தரகர்: கிலோமீட்டரெல்லாம் இப்ப யாரும்மா பாக்கறாங்க? எல்லாம் நிமிஷம்தான்.

அம்மா: ஏர்போர்ட் இருக்கற திரிசூலம் இங்கேருந்து சுமார் 20 கிலோமீட்டர். இருபது நிமிஷத்துல போகணும்னா, பிரேக்குல கால் வைக்காம அறுபதுல போகணும். ஜி.எஸ்.டி. ரோட்டுல எந்த வண்டி அப்படிப் போகுது?

தரகர்: விடியக்காலை மூணு மணிக்குப் போய்ப் பாருங்கம்மா!

அம்மா: என் பையன் பொங்கலுக்கு வருவான். அன்னைக்கு ஊரே தெக்கே கிளம்பும். பெருங்களத்தூர்ல ஆரம்பிச்சா பரனூர் டோல்கேட் வரைக்கும் ஊர்ந்துதான் போகணும்.

தரகர்: அதுக்குத்தானே கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டை 2023 டிசம்பர்ல திறந்தாங்க!

அம்மா: ஆமா, கோயம்பேட்டுல நின்ன கூட்டம் இப்ப நம்ம வாசல்ல நிக்குது.

தரகர்: பையன் எங்கம்மா இருக்காரு? சிங்கப்பூரா? ஒண்ணே முக்கால் மணி நேரம்தான்! அங்க சாயங்காலம் 7 மணிக்கு ஏறினா இங்க 8.45க்கு இறங்கிடலாம். டிக்கெட்லயே போட்டிருக்கும்.

அம்மா: அங்க கடிகாரம் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால ஓடுது தம்பி. பயணம் நாலே கால் மணி. திரும்பிப் போறப்ப அதே டிக்கெட் ஆறே முக்கால் மாதிரி காட்டும்.

தரகர்: போறதை ஏம்மா கணக்குல சேக்கறீங்க? வர்றதுதானே நமக்கு முக்கியம்!

அம்மா: அந்த நாலே காலும் விமானம் அங்க நகர்றதுலேருந்து இங்க வந்து நிக்கற வரைக்கும்தான். ஏறறதுக்கு முன்னாடி நிக்கற வரிசை, இறங்கினப்புறம் இமிக்ரேஷன், பெட்டி சுத்தி வர்ற பெல்ட், கஸ்டம்ஸ், எதுவும் அதுல சேராது. 2,900 கிலோமீட்டர் பறந்து வந்தவன் கடைசி இருபதுல மாட்டிக்குவான்.

தரகர்: ஏர்போர்ட்டுக்கு எதிர்லயே திரிசூலம் ஸ்டேஷன் இருக்கே, மின்சார ரயில்ல ஏறிடலாமே?

அம்மா: இதைச் சொல்லுங்க, ஒத்துக்கறேன். பல்லாவரம், குரோம்பேட்டை, சானடோரியம், தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், அடுத்தது நம்ம ஊர். ஆனா பல வண்டி தாம்பரத்தோட நின்னுடும். செங்கல்பட்டு வண்டிக்குப் பெட்டியோட காத்துக் கிடக்கணும். உங்க நோட்டீஸ்ல அது இல்லையே?

தரகர்: காத்திருக்கறதையெல்லாம் நோட்டீஸ்ல போட்டா யாரும்மா வாங்குவாங்க?

அம்மா: அதான் பாத்தேன். டிக்கெட் விக்கறவன் விமானம் ஓடற நேரத்தைச் சொல்றான், மனை விக்கறவங்க ரோடு காலியா இருக்கற நேரத்தைச் சொல்றீங்க. காத்திருக்கற நேரம் மட்டும் வாங்கறவனுக்கு இலவசம்.

தரகர்: பரந்தூர்ல புது ஏர்போர்ட் வருதும்மா! அப்புறம் இந்த விலைக்குக் கிடைக்காது.

அம்மா: அதை 2022லயே அறிவிச்சாச்சு. நிலத்தைத் தர மாட்டோம்னு ஏகனாபுரத்து ஜனங்க போராடினதும் பேப்பர்ல வந்துச்சு. அது காஞ்சிபுரம் பக்கம் தம்பி. சிங்கப்பூர் விமானம் அங்க போயிடுச்சுன்னா உங்க இருபது நிமிஷம் என்ன ஆகும்?

தரகர்: அதுக்கென்னம்மா, அந்தப் பக்கமும் நம்மகிட்ட மனை இருக்கு. ஏர்போர்ட் ரெண்டே நிமிஷம்!

அம்மா: அதெப்படி?

தரகர்: இன்னும் கட்டவே இல்லையேம்மா, டிராஃபிக் ஏது?